முகம் காட்டத் தேவையில்லை

சவத்துக்கு முகம் இல்லை.

கடல் ஒரு வாரத்துக்கு மேல் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்த உடம்பு. ஆசுபத்திரிப் பிணவறையில் வெள்ளைத் துணியால் மூடியிருந்தார்கள். வெளியே தெரிந்தது ஒரு சிவப்பு ஜேர்சியின் விளிம்பு மட்டும்.

இரண்டு பெண்கள் அதன் முன்னால் நின்றார்கள்.

ஒருத்தி பிரியந்தினி. குருநகர்க்காரி. கலியாணம் முடித்து மூன்று வருடம்கூட ஆகவில்லை. கடலுக்குப் போன புருசன் ஜெயசுதன் திரும்பவில்லை.

மற்றவள் மக்டலீன். அதே ஒழுங்கையில் நாலு வீடு தள்ளி இருப்பவள். ஒரே மகன் றெஜி. ஜெயசுதனோடு அதே வள்ளத்தில் போனவன். அவனும் திரும்பவில்லை.

போனது இரண்டு பேர்.

வந்தது ஒரு உடம்பு.

"ஆர் எண்டு பாத்துச் சொல்லுங்கோ," என்றார் பொலிஸ் சார்ஜன்ட் செல்வநாயகம்.

மக்டலீன் துணியைத் தூக்கவே விடவில்லை. கண்ணைச் சுவரில் வைத்துக்கொண்டு சொன்னாள்.

"இது என்ரை பிள்ளை இல்லை."

உடம்பைப் புரட்டினார்கள். ஜேர்சியின் முதுகில் வெள்ளை எழுத்து... 'சுதன்'.

ஊர்க் கழகத்தில் பந்தடிக்கும்போது ஜெயசுதன் போடும் ஜேர்சி. பிரியந்தினி எத்தனையோ தடவை தோய்த்துக் காயப்போட்டது.

அவள் ஓம் என்று தலையை ஆட்டினாள்.

அவ்வளவுதான். மறுநாள் சேமக்காலையில் அடக்கம் முடிந்தது. அவள் விதவை ஆனாள்.

மக்டலீன் அடக்கத்துக்கு வரவில்லை. "என்ரை பிள்ளை இந்தியக் கரையிலை ஒதுங்கியிருப்பான். அங்கை பொலிஸ் பிடிச்சு மறியலிலை வைச்சிருக்கும்" என்று அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கத் தொடங்கினாள்.

ஊர் வேறு மாதிரிக் கதைத்தது.

"ஒருத்தன் பிணமா வாறான். மற்றவன்ரை சிலமனே இல்லை. அப்ப என்ன அர்த்தம்? ஆளைக் கொலை செய்துபோட்டு ஓடிட்டானோ?"

அந்தக் கேள்வி பிரியந்தினியின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. அதற்குப் பிறகு அவள் மக்டலீனின் முகத்தைப் பார்க்கவில்லை. ஒழுங்கையில் எதிரே வந்தால் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

*

ஒரு வருடம் போனது.

தண்ணீர் அவளுக்கு எதிரியானது. தலையில் ஒரு வாளி ஊற்றினால் மூச்சு அடைக்கும். நெஞ்சு படபடவென்று அடிக்கும். கை விறைக்கும். செத்துப்போகிறேன் என்று கிணற்றடியிலேயே குந்திவிடுவாள். நண்டுக் கொம்பனி வேலைக்குப் போவதும் நின்றுபோனது. சில நாட்களில் பாயை விட்டே எழும்புவதில்லை.

டொக்டர் குளிசை கொடுத்தார். கூடவே ஒரு தொலைபேசி இலக்கமும் கொடுத்தார்.

அந்த இலக்கம் ஆரணியுடையது. திருநெல்வேலியில், பல்கலைக்கழகத்துக்குக் கிட்ட ஒரு சின்ன அறையில் இருந்து உளவளத்துணை செய்பவள். செவ்வாய்க்கிழமைப் பின்னேரங்களில் சூமில் ஒரு குழுவைக் கூட்டுவாள். பதட்டக்காரர், மனச்சோர்வுக்காரர் எல்லோரும் அவரவர் வீட்டில் இருந்தபடியே ஒன்றுகூடுவார்கள்.

முதல் நாளே ஆரணி சொல்லிவிட்டாள்.

"முகம் காட்டத் தேவையில்லை. சொந்தப் பேர் தேவையில்லை. கதைக்க ஏலாட்டி எழுதலாம். இஞ்சை கேட்டதை ஒருத்தரும் வெளியிலை கொண்டுபோகக் கூடாது. சரியோ?"

பிரியந்தினி தன் பெயரைச் 'சாருஜா' என்று போட்டுக்கொண்டாள். கமராவை அணைத்துக்கொண்டாள்.

குழுவில் இன்னும் மூன்று பேர். பரீட்சை மண்டப வாசலில் மயங்கி விழும் மாணவன் தனோஜன். மகள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டை விட்டுப் போனதில் இருந்து படலையைத் தாண்டாத வட்டுக்கோட்டை ஞானாம்பிகை அம்மா.

மூன்றாவது ஆளுக்குப் பெயரே இல்லை. பெயர் போடத் தெரியவில்லையோ, விருப்பமில்லையோ... கறுப்புக் கட்டத்தில் அவனுடைய போனின் பெயர்தான் தெரியும்.

ரெட்மி.

அவன் கதைத்ததே இல்லை. கேட்டுக்கொண்டு இருப்பான். எப்போதாவது இரண்டு வரி எழுதுவான். 'நித்திரை இல்லை.' 'இந்தக் கிழமையும் அப்படித்தான்.'

"ரெட்மித் தம்பி, சாப்பிட்டீங்களோ?" என்று ஞானாம்பிகை அம்மா ஒவ்வொரு கிழமையும் விசாரிப்பார். அவன் கும்பிடும் கைகளின் படம் ஒன்றை அனுப்புவான்.

அந்தக் குழுவில்தான் பிரியந்தினி வாய் திறந்தாள். கடலைப் பற்றிச் சொன்னாள். புருசனைப் பற்றிச் சொன்னாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை அவள் கேட்டாள்.

"செத்தவரைப் பற்றி எனக்கு ஒண்டு மட்டும் தெரியவேணும். கடைசி நேரத்திலை ஆரைக் கூப்பிட்டிருப்பார்? என்னைக் கூப்பிட்டிருப்பாரோ? கூப்பிட்டும் எனக்குக் கேக்காமல் போச்சோ? இதை நினைச்சு நினைச்சே நான் விசராகிறன்."

ஞானாம்பிகை அம்மா மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

அப்போது பிரியந்தினியின் திரையில் ஒரு செய்தி வந்து விழுந்தது. குழுவுக்கு அல்ல... அவளுக்கு மட்டும்.

ரெட்மி எழுதியிருந்தான்.

'அவர் உங்களைக் கூப்பிடேல்லை. அம்மா எண்டுதான் கூப்பிட்டவர்.'

அவள் போனைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தாள்.

அடுத்த வரி வந்தது.

'நான்தான் அவரின்ரை கையைக் கழட்டி விட்டனான்.'

ரெட்மி என்ற கறுப்புக் கட்டம் மறைந்தது.

*

"மிஸ், அவன் றெஜி," என்றாள் பிரியந்தினி, ஆரணிக்கு எடுத்த போனில். "றெஜி உயிரோடை இருக்கிறான். என்ரை மனுசனைக் கொலை செய்துபோட்டு ஒளிச்சிருக்கிறான். நம்பரைத் தாங்கோ."

"பிரியந்தினி, முதல் மூச்சை எடுங்கோ."

"மூச்சை விடுங்கோ மிஸ். நம்பரைத் தாங்கோ."

"தர ஏலாது," என்றாள் ஆரணி. "உங்கடை நம்பரை ஆரும் கேட்டாலும் நான் குடுக்கமாட்டன். அதே மாதிரித்தான். ஆனா நீங்கள் சொல்லுறது பெரிய விசயம். நான் அவரோடை கதைக்கிறன். அவரே பொலிசுக்குப் போற மாதிரிச் செய்யப் பாக்கிறன். மாட்டன் எண்டா மேலிடத்திலை கேட்டு நானே போறன்."

"அதுவரைக்கும் நான் என்ன செய்ய?"

"நீங்கள் தனிய இருக்காதேங்கோ. ஒண்டு கேப்பன், உண்மையைச் சொல்லுங்கோ. ஆரையும் ஏதும் செய்யவேணும் எண்ட யோசனை வருதோ?"

பிரியந்தினியின் கண் குசினி மேசையில் கிடந்த மீன் வெட்டும் கத்தியில் நின்றது.

"இல்லை மிஸ்," என்றாள்.

ஒரு விசயம் மட்டும் அவளுக்கு இடித்தது. ஜெயசுதன் பிறந்த அன்றே அவனுடைய தாய் செத்துவிட்டாள். காய்ச்சலில் அனுங்கும்போதுகூட அவன் வாயில் 'அம்மா' வந்து அவள் கேட்டதில்லை. சாகும்போது மட்டும் வந்ததா? தன்னுடைய பெயர் வராமல், பார்த்தே இராத ஒரு பொம்பிளையின் நினைவா வந்தது?

அதுவும் நோவாகத்தான் இருந்தது.

*

அடுத்த செவ்வாய்.

ரெட்மி வருவான் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. வந்தான். கறுப்புக் கட்டம் சத்தமில்லாமல் வந்து ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டது.

ஆரணியின் குரலில் ஒரு கவனம் தெரிந்தது. "இண்டைக்கு ஆர் கதைக்கப் போறீங்கள்?"

"நான்," என்றாள் பிரியந்தினி.

அவள் ரெட்மியைப் பற்றிப் பேசவில்லை. ஜெயசுதனைப் பற்றிப் பேசினாள். மழை நாளில் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய்த் தியேட்டர் வாசலில் வழுக்கி விழுந்தது... கணவாய்க் கறிக்குத் தேங்காய்ப்பால் காணாது என்று அவனே அடுப்படிக்கு வந்தது... அவள் கோபித்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசுவது...

"நல்ல மனுசன், மிஸ். ஒரு கோழிக்கும் கல்லெறியாத மனுசன்."

திடீரென்று எல்லோர் போனிலும் ஒரு சத்தம். ஆரோ விம்மி அழுகிறார்கள். வாயைப் பொத்திக்கொண்டு அழுகிற அழுகை. குரல் பிடிபடவில்லை.

"ரெட்மித் தம்பி, உங்கடை மைக் திறந்து கிடக்குது," என்றான் தனோஜன்.

அழுகைக்குப் பின்னால் ஒரு ஒலிபெருக்கி பேசியது. காற்று அள்ளிக்கொண்டு வந்த அறிவித்தல்.

"...மயிலிட்டித் துறைமுகத்திலை நிக்கிற வள்ளங்கள் நாளைக்குத் தொழிலுக்குப் போகவேண்டாம்... காத்துக் கடுமையா இருக்கும்... மயிலிட்டித் துறைமுகத்திலை..."

மைக் மூடியது.

பிரியந்தினிக்கு அதற்குமேல் ஒன்றும் தேவைப்படவில்லை.

*

காலையில் பஸ் ஏறினாள். பையில் தண்ணீர்ப் போத்தல், குளிசை, ஒரு துவாய். துவாய்க்குள் கத்தி.

மயிலிட்டியில் காற்று ஆளைத் தள்ளியது. வள்ளங்கள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. தெற்கில் இருந்து வந்து நிற்கும் பெரிய வள்ளங்களில் பெடியள் சிங்களப் பாட்டுப் போட்டுவிட்டுச் சோறு சமைத்துக்கொண்டிருந்தார்கள்.

கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த ஒரு கிழவரிடம் விசாரித்தாள். பெயர் சூசைதாசன் என்றார்.

"ஐயா, குருநகர்ப் பக்கத்து ஆள் ஆரும் இஞ்சை புதுசா வேலை செய்யினமோ?"

"எந்த ஊர் எண்டு தெரியாது பிள்ளை. ரெண்டு மாசத்துக்கு முந்தி ஒருத்தன் வந்தவன். ஐஸ் அடிக்கிறான். வாய் திறந்து கதைக்கமாட்டான். நாங்கள் ஊமை எண்டு நினைச்சுக்கொண்டிருந்தம்."

"பிறகு?"

"பிறகென்ன, செவ்வாயிலை மட்டும் போனைக் காதிலை வைச்சுக்கொண்டு அந்த வாடிக்குப் பின்னாலை இருந்து அழுவான். ஊமைக்கு என்ன போன்? ஆரோ பொம்பிளையின்ரை விசயமாக்கும் எண்டு விட்டிட்டம்."

அவள் நடந்தாள்.

தகரக் கொட்டிலான அந்த வாடிக்குப் பின்னால் ஒருவன் முதுகு காட்டி நின்றான். கையில் மரக் கட்டை. சாக்கில் கிடந்த ஐஸ் பாளத்தை ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டிருந்தான். தோள்வரை தலைமயிர். மெலிந்த முதுகு.

பிரியந்தினி துவாயை உதறினாள். கத்தி கைக்கு வந்தது.

"றெஜி."

கட்டை அந்தரத்தில் நின்றது.

"திரும்படா. என்ரை மனுசனைக் கொலை செய்தவன்ரை முகத்தை நான் பாக்கவேணும்."

அவன் மெல்லத் திரும்பினான்.

தாடி. குழி விழுந்த கன்னம். இடது புருவத்தில் அந்தப் பழைய வெட்டு... தியேட்டர் வாசலில் சைக்கிளோடு விழுந்தபோது வந்தது.

றெஜி இல்லை.

ஜெயசுதன்.

கத்தி அவள் கையிலேயே இருந்தது. அதை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. மற்றக் கையை நீட்டி அவன் நெஞ்சில் வைத்தாள். அடித்துக்கொண்டிருந்தது. உயிரோடு அடித்துக்கொண்டிருந்தது.

ஒரு கணம்... ஒரேயொரு கணம் அவளுக்குள் சந்தோசம் பொங்கி வந்தது.

அடுத்த கணம் அது அப்படியே விறைத்தது.

"அப்ப... சேமக்காலையிலை ஆர்?"

ஜெயசுதன் ஐஸ் சாக்கின்மேல் குந்தினான். ஒரு வருடமாகப் பாவிக்காத குரல் கரகரத்தது.

"எஞ்சின் நிண்டிட்டுது. பிறகு வள்ளம் பிரண்டிட்டுது. ஒரு வெறும் எண்ணெய்க் கானைப் பிடிச்சுக்கொண்டு ரெண்டு பேரும் கிடந்தம். பின்னேரம் அவன் குளிரிலை நடுங்கத் தொடங்கினான். என்ரை ஜேர்சியைக் கழட்டி நான்தான் அவனுக்குப் போட்டுவிட்டனான்."

"பிறகு?"

"விடியக் கானுக்குள்ளை தண்ணி போகத் தொடங்கிட்டுது. ரெண்டு பேரைத் தாங்கேல்லை. தாழுறம், எழும்புறம்..."

"பிறகு என்ன செய்தனீங்கள்?"

"அவன்ரை விரலை ஒவ்வொண்டாக் கழட்டினன், பிரியா."

காற்று வாடியின் தகரத்தைப் பிடித்து உலுக்கியது.

"அவன் என்னைத் திட்டேல்லை. 'அம்மா' எண்டு மட்டும் கூப்பிட்டான். நான் உனக்குப் பொய் எழுதேல்லை. நீ செத்தவனைப் பற்றிக் கேட்டாய். செத்தவனைப் பற்றித்தான் சொன்னன்."

"நான் எண்டு தெரியுமோ?"

"ரெண்டாம் கிழமையே தெரியும். ஒரு டிஸ்பென்சரிச் சுவரிலை அந்த நோட்டீசைப் பாத்தன். முகம் காட்டத் தேவையில்லை எண்டு போட்டிருந்தது. அதுக்காகத்தான் சேந்தனான். அங்கை உன்ரை குரல் கேட்டுது. பிறகு அதுக்காக மட்டும்தான் வந்தனான்."

"ஏன் வீட்டை வரேல்லை?"

"முல்லைத்தீவிலை கரை ஒதுங்கினன். அங்கை கொஞ்ச நாள். பிறகு பருத்தித்துறை. பிறகு இஞ்சை. கொஞ்சம் கொஞ்சமாக் கிட்ட வந்துகொண்டுதான் இருந்தனான். குருநகருக்கு வந்தா மக்டலீன் அன்ரியின்ரை வாசலைத் தாண்டித்தானே எங்கடை வீட்டுக்கு வரவேணும். அந்த வாசலைத் தாண்ட எனக்குக் கால் இல்லை."

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"மிஸ் கதைச்சவ. பொலிசுக்குப் போங்கோ எண்டு சொன்னவ. போறன். முதல் ஒருக்கா வீட்டை வரட்டோ?"

செத்தவன் வரமாட்டான் என்று தெரிந்தும் ஒரு வருடமாக அவள் வேண்டிக்கொண்ட வார்த்தை அதுதான். மெழுகுதிரி கொளுத்தி, முழங்காலில் நின்று கேட்ட வார்த்தை.

பிரியந்தினி கத்தியைத் துவாயில் சுற்றினாள்.

"எழும்பு," என்றாள். கலியாணம் முடித்த நாளில் இருந்து அவனை நீங்கள் என்று சொல்லிப் பழகிய வாய். "முதல் மக்டலீன் அன்ரியிட்டை. பிறகு பொலிஸ். வீட்டைப் பற்றி இப்ப கதையாதை."

*

மக்டலீன் முற்றத்தில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

ஒரு வருடம் முகம் திருப்பிக்கொண்டு போனவள் படலையைத் திறந்துகொண்டு வருவதைப் பார்த்ததும் கையில் இருந்த ஈரத் துணியை அப்படியே பிடித்தபடி நின்றாள். பிறகு பின்னால் வந்தவனைப் பார்த்தாள்.

துணி மண்ணில் விழுந்தது.

"சுதன்..."

அவள் ஓடிவந்தாள். அவனுடைய கன்னத்தை, தோளை, கையைத் தடவித் தடவிப் பார்த்தாள். அறுபது வயது முகம் முழுக்க வெளிச்சம்.

"எனக்குத் தெரியும். எனக்கு அண்டைக்கே தெரியும். இவள் பிள்ளை அவசரப்பட்டுத் தலையாட்டிப் போட்டாள். நான் சொன்னனான், கடல் ஒருத்தரையும் கொண்டுபோகேல்லை எண்டு..."

அவள் எட்டி ஒழுங்கையைப் பார்த்தாள்.

"றெஜி எங்கை தம்பி? பின்னாலை வாறானோ?"

பிரியந்தினியின் வாழ்க்கையில் எத்தனையோ அழுகை. இந்தக் கேள்விக்கு முன்னால் அதெல்லாம் ஒன்றுமில்லை.

ஜெயசுதன் முற்றத்து மண்ணில் முழங்காலில் விழுந்தான். சொன்னான். எல்லாவற்றையும் சொன்னான். விரல்களையும் சொன்னான்.

மக்டலீன் கத்தவில்லை. அடிக்கவில்லை. குனிந்து, விழுந்த துணியை எடுத்து மண்ணைத் தட்டினாள். அது றெஜியின் சேட். ஒரு வருடமாக உடுத்த ஆளில்லாமல் மாதம் ஒரு தடவை தோய்த்துக்கொண்டிருந்த சேட்.

"கூப்பிட்டவனோ என்னை?" என்று கேட்டாள்.

"ஓம் அன்ரி."

"அப்ப ஏன் எனக்குக் கேக்கேல்லை?"

பிரியந்தினி அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். குழுவில் தான் கேட்ட அதே கேள்வி.

வெகுநேரம் கழித்து மக்டலீன் அவளுடைய தோளில் இருந்து முகத்தை எடுத்தாள்.

"ஒவ்வொரு ஞாயிறும் சேமக்காலைக்குப் பூக் கொண்டுபோறனி என்ன?"

"ஓம் அன்ரி."

"நான் தாய். ஒருநாளும் போகேல்லை. நீதான் என்ரை பிள்ளைக்குப் பூ வைச்சிருக்கிறாய்." அவள் பிரியந்தினியின் கைகளைத் தூக்கித் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

*

பொலிஸ் நிலையத்தில் சார்ஜன்ட் செல்வநாயகம் ஜெயசுதனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கதிரையில் மெல்லச் சாய்ந்தார்.

"உம்மடை சவத்தை நான்தானே காட்டினனான்..."

வாக்குமூலம் எழுத நேரம் எடுத்தது. கடலில் நடந்ததற்கு என்ன குற்றம் போடுவது என்று அவர் மேலதிகாரிக்கு இரண்டு தரம் போன் எடுத்தார். கடைசியில் மக்டலீனிடம் திரும்பினார்.

"அம்மா, உங்கடை முறைப்பாட்டைச் சொல்லுங்கோ. மகனைக் கொலை செய்துபோட்டான் எண்டு எழுதட்டோ?"

மக்டலீன் ஜெயசுதனைப் பார்த்தாள்.

"அதை நீங்கள் கோட்டுக்குச் சொல்லுங்கோ சேர். சாகிற நேரத்திலை மனுசன் என்ன செய்வான் எண்டு நான் கடலிலை நிண்டு பாக்கேல்லை. என்ரை முறைப்பாடு வேற."

"என்ன?"

"கரைக்கு வந்த பிறகும் வாய் திறக்காமல் இருந்தவன். ஒரு வருசம் என்னைக் கந்தோர் கந்தோரா அலைய வைச்சவன். என்ரை பிள்ளையை இன்னொருத்தன்ரை பேரிலை புதைக்க வைச்சவன். அதை எழுதுங்கோ. அதுக்கு என்ன தண்டனை?"

சார்ஜன்ட் பேனாவை மேசையில் வைத்தார்.

"அதுக்குச் சட்டம் இல்லை அம்மா."

"அப்ப நானே பாத்துக்கொள்ளுறன். கல்லறையிலை பேர் மாத்திக் கல்லு வைக்கிற செலவு அவன்ரை. வெளியிலை வந்து, வாசலுக்கு வந்து, ஒவ்வொரு நாளும் என்ரை முகத்தைப் பாக்கட்டும்."

ஜெயசுதனைக் கூட்டுக்குள் விட்டார்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு அவன் பிரியந்தினியைப் பார்த்தான்.

"பிரியா... பாக்க வருவியோ?"

போகத் திரும்பியவள் நின்றாள். கண் முழுக்கத் தண்ணீர். ஆனால் மூச்சு அடைக்கவில்லை. அதை அவளே கவனித்தாள்.

"தெரியேல்லை," என்றாள். "வந்தாலும் செவ்வாயிலை வரமாட்டன். அண்டைக்கு உங்களைப் பற்றி ஒப்பாரி வைக்க எனக்குக் குழுவிலை வேற ஆக்கள் இருக்கினம்."